எலியும் எச்சிலும் எஃகும்: ஹவுரா பாலத்தை எப்படிப் படிப்பது?

தென்கொல்கத்தாவின் டாக்குரியாவில் ஆறு இல்லை. ஆனால் பாலம் உண்டு. சியால்டா தெற்குப் பிரிவின் ரயில் தண்டவாளங்களைக் கடந்து கரியாஹாட் சாலையை ஜாதவ்பூர் நோக்கிக் கொண்டுசெல்லும் மேம்பாலம் அது. அழகென்று எவரும் படமெடுக்காத, சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெறாத பாலம். அந்தப் பாலம் நாளிதழ்களில் இடம்பிடித்தது எலிகளால். அணுகுசாலையின் அடியிலுள்ள மண்ணை எலிகள் வளை தோண்டிக் குடைந்துவிட்டன, சாலை உள்வாங்குகிறது, பொறியாளர்கள் வளைகளை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்திகள் வந்தன. நகரம் சிரித்தது.

அதே நகரின் மறுகோடியில், உலகமே அறிந்த ஹவுரா பாலத்திலும் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. 2011ஆம் ஆண்டில் துறைமுகக் கழகத்தின் தொழில்நுட்ப ஆய்வு, பாதசாரிகள் துப்பும் பான், குட்கா எச்சில் பாலத்தின் தொங்குகம்பங்களின் அடியிலுள்ள எஃகு உறைகளை அரித்துவிட்டதைக் கண்டறிந்தது. 2007இல் ஆறு மில்லிமீட்டராக இருந்த தடிமன் நான்கே ஆண்டுகளில் மூன்று மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தது. நகரம் அதற்கும் சிரித்தது, கொஞ்சம் வெட்கப்பட்டது, பிறகு மறந்தது.

எலி, எச்சில் ஆகிய இவ்விரண்டு செய்திகளையும் வேடிக்கைத் துணுக்குகளாக ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பாலங்களின் வரலாற்றை எழுதவும் கற்பிக்கவும் இவற்றைவிடச் சிறந்த தொடக்கம் கிடைப்பது அரிது. கட்டி முடித்த நாளோடு ஒரு பாலத்தின் வரலாறு முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் நம் பாடநூல்களிலும் நினைவு மலர்களிலும் ஆழமாக ஊறியிருக்கிறது. உண்மையில் அந்த நாளில்தான் வரலாறு தொடங்குகிறது. ஹவுரா பாலத்தை வியப்புக்குரிய பொருளாகவே தொடர்ந்து போற்றி வந்ததனால், பராமரிக்கப்பட வேண்டிய பொருளாக அதை அறியும் வாய்ப்பை மாணவ உலகம் இழந்திருக்கிறது. இந்த இழப்பு சிறியதன்று. அதன் விலை சில வேளைகளில் உயிராகவும் இருக்கிறது.

வழக்கமான கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை முதலில் பார்க்கலாம். 'ஒரு நட்டும் இல்லை, ஒரு போல்ட்டும் இல்லை. ஆற்றுக்குள் ஒரு தூணும் இல்லை. இருந்தும் நிற்கிறது' என்பதே அதன் சாரம். இதில் முதற்பகுதி உண்மை. ஆனால் அதிசயம் அல்ல. ஹவுரா பாலம் ரிவெட் ஆணிகளால் பிணைக்கப்பட்டது. அக்காலப் பெரும் எஃகுக் கட்டுமானங்கள் பெரும்பாலும் அவ்வாறே பிணைக்கப்பட்டன. கேண்டிலீவர் வகையில் இதற்கு முன்னோடியான ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலமும் ரிவெட் பாலமே. ஹூக்ளி ஆற்றின் மேற்பகுதியில் 1887இல் திறக்கப்பட்ட ஜூபிலி ரயில் பாலமும் அப்படியே. ஆணியைச் செங்கனலாகக் காய்ச்சுபவர், பறந்துவரும் அதை ஏந்திப் பிடிப்பவர், ஒரு பக்கம் அணைகொடுத்துத் தாங்குபவர், மறுபக்கம் சம்மட்டியால் தலை அமைப்பவர் என்று ஒரு குழுவாகச் செய்த வேலை அது. 'நட்டும் போல்ட்டும் இல்லை' என்று வியக்கும் வாசகம் அந்தக் கைகளை மறைத்துவிடுகிறது. அதோடு ரிவெட் பிணைப்பின் இயல்பான சிக்கலையும் மறைத்துவிடுகிறது: தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் துரு உள்ளிருந்தே வளரும், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது எளிதில் படாது.

வியப்பின் இரண்டாம் பகுதி, ஆற்றுக்குள் தூண் இல்லாமை. இதைப் புரிந்துகொள்ள ஆற்றிடம்தான் போக வேண்டும்.

1854இல் ஹவுராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. நகரமும் துறைமுக அலுவலகங்களும் கிழக்குக் கரையில். ரயில் முனையம் மேற்குக் கரையில். அன்றே பாலத்தின் தேவை உறுதியாகிவிட்டது. ஆனால் ஹூக்ளி எளிய ஆறு அன்று. கடலின் ஓதம் நகரைத் தாண்டி மேலேறும். வங்காளிகள் 'பான்' என்றழைக்கும் ஓத அலை சுவராக எழுந்து வரும். வண்டல் ஓயாமல் படியும். 1862இல் கிழக்கிந்திய ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் டர்ன்புல்லிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, கல்கத்தாவில் ஆழமான அடித்தளமும் கரையோர வண்டலும் பெருந்தடை என்று கூறி, நகருக்கு வடக்கே ஏறத்தாழ பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள பல்த்தா துறையை அவர் முன்மொழிந்தார். ரயிலுக்கு அது போதும். நடந்து கடப்பவருக்குப் போதாது.

ஆகவே ஆற்றோடு சண்டையிடாத ஒரு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டின் ஹவுரா பாலச் சட்டத்தின்படி, சர் பிராட்ஃபோர்டு லெஸ்லியின் வடிவமைப்பில் மிதவைப் பாலம் ஒன்று உருவாயிற்று. 1,528 அடி நீளமும் 62 அடி அகலமும் கொண்ட அது 1874 அக்டோபரில் திறக்கப்பட்டது. திறப்பதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச் மாதப் புயலில் கட்டறுந்த 'எஜீரியா' என்னும் நீராவிக் கப்பல் மோதி மூன்று மிதவைகளை மூழ்கடித்து, ஏறத்தாழ 200 அடியைச் சிதைத்திருந்தது. ஆறு தன் முதல் பாடத்தைக் கட்டுமானக் காலத்திலேயே சொல்லிவிட்டது.

மிதவைப் பாலம் ஓதத்தோடு ஏறியது, ஓதத்தோடு இறங்கியது. கப்பல் போக நடுவில் 200 அடியை விலக்க வேண்டும். அப்போது நகரமே நின்று காத்திருக்கும். 1906 வரை பகலில் மட்டுமே கப்பல்களுக்கு வழி திறக்கப்பட்டது. அதன் பிறகே இரவிலும் திறக்கத் தொடங்கினர். தமிழ் வாசகர்களுக்குப் பாம்பன் பாலம் நினைவுக்கு வரலாம். 1914இல் திறக்கப்பட்ட பாம்பனிலும் கப்பலுக்காக நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலெழுந்தது. கடலும் நிலமும் ஒரே வழியைக் கேட்கும்போது யார் காத்திருப்பது என்பது பொறியியல் கேள்வி மட்டுமன்று. அது அதிகாரத்தின் கேள்வி. கல்கத்தாவில் நெடுங்காலம் கப்பல் முந்தியது, நடப்பவர் காத்திருந்தார்.

நிலையான பாலம் வேண்டும் என்ற எண்ணத்துக்கும் பாலத்துக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1906இல் துறைமுக ஆணையர்கள் ஒரு குழு அமைத்தனர். அது மீண்டும் மிதவைப் பாலத்தையே விரும்பியது. முதல் உலகப்போர் குறுக்கிட்டது. 1921இல் சர் ராஜேந்திரநாத் முகர்ஜியின் தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. சர் பேசில் மாட் ஒற்றை வளைவுப் பாலத்தைப் பரிந்துரைத்தார். 1926இல் புதிய ஹவுரா பாலச் சட்டம் நிறைவேறியது. 1930இல் கூட் குழு, அதன் பின் ரெண்டல், பால்மர் அண்ட் ட்ரிட்டன் நிறுவனத்தின் ஆலோசனை, 1935இல் சட்டத் திருத்தம், 1936இல் பணித் தொடக்கம் என்று காலம் நகர்ந்தது. ஹவுராவில் ரயில் தொடங்கிய 1854ஆம் ஆண்டிலேயே பிறந்த முகர்ஜி, பாலப்பணி தொடங்கிய 1936ஆம் ஆண்டிலேயே மறைந்தார். ஒரு மனித ஆயுள் முழுவதும் அந்த நகரம் நிலையான பாலத்துக்காகக் காத்திருந்தது.

இந்தத் தாமதத்தை அலுவலகச் சோம்பல் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆற்றின் நடுவில் தூண் நட்டால் நீரோட்டம் திசைமாறும். மாறினால் வண்டல் வேறிடத்தில் குவியும். துறைமுகம் தூர்ந்துபோகும் என்ற அச்சம் நியாயமானது. வண்டலை எதிர்த்து அத்துறைமுகத்தைக் காக்கவே பிற்காலத்தில், 1975இல், ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது என்பதை நினைவிற்கொண்டால் அவ்வச்சத்தின் அளவு விளங்கும். எனவே ஹவுரா பாலத்தின் வடிவத்தை முடிவுசெய்ததில் அழகுணர்ச்சியைவிட ஆற்றின் வண்டலுக்கே பெரும்பங்கு உண்டு. தூண் இல்லாமை அந்தப் பாலத்தின் துணிச்சல் என்று போற்றப்படுகிறது. அதை ஆற்றுக்குக் காட்டிய பணிவு என்று சொல்வதே சரி.

அந்தப் பணிவு எப்படிச் சாத்தியமாயிற்று? ஃபோர்த் பாலத்தின் தத்துவத்தைப் பொதுமக்களுக்கு விளக்க அதன் பொறியாளர் பெஞ்சமின் பேக்கர் 1887இல் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். இருவர் நாற்காலிகளில் அமர்ந்து கைகளை இருபுறமும் நீட்டினர். கைகளுக்கு அடியிலிருந்து நாற்காலி வரை கட்டைகள் சாய்வாக முட்டுக்கொடுத்தன. வெளிப்புறக் கைகள் செங்கற் சுமைகளோடு பிணைக்கப்பட்டன. உட்புறக் கைகளிலிருந்து தொங்கிய பலகையில் மூன்றாமவர் ஒருவர் அமர்ந்தார். அவர் விழவில்லை. அவருடைய எடையைச் செங்கற்கள் ஈடுசெய்தன. ஹவுரா பாலமும் அதே உடல்மொழிதான். கோபுரங்களே அமர்ந்திருப்பவர்கள். இரு கோபுரங்களுக்கு இடையே 457 மீட்டர். ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் ஆற்றின்மேல் 143 மீட்டர் கை நீள்கிறது. கரைப்பக்கம் 99 மீட்டர் கை பின்னோக்கிச் சென்று நிலத்தோடு கட்டுண்டு, மேலெழும் இழுவிசையைத் தாங்குகிறது. நடுவில் மிஞ்சும் 172 மீட்டர்ப் பகுதி, இரு கைகளுக்கும் இடையே தொங்கும் பலகை.

நடுவில் அமர்ந்திருந்தவர் கைச்சி வதனபே என்னும் ஜப்பானியப் பொறியாளர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அதே தத்துவத்தில் அமைந்த ஹவுரா பாலம், ஜப்பானிய விமானங்களின் அச்சத்தாலேயே 1943 பிப்ரவரியில் விழா ஏதுமின்றித் திறக்கப்பட்டது. தொழில்நுட்ப அறிவு எல்லைகளைக் கடந்து ஊர்ந்த காலமும், அதே எல்லைகள் போர்முனைகளான காலமும் ஓர் ஐம்பத்தாறு ஆண்டு இடைவெளியில் அடங்கிவிட்டன.

ஹவுரா பாலத்தின் தனித்தன்மை அதன் சாலைத்தளத்தில் இருக்கிறது. தளம் மேற்சட்டகத்தின் மீது அமரவில்லை. 39 இணைத் தொங்குகம்பங்களால் கீழே தொங்கவிடப்பட்டிருக்கிறது. 71 அடிச் சாலை நடுவில். இருபுறமும் 15 அடி நடைபாதைகள். இதன் விளைவை எளிய சொற்களில் சொல்லலாம்: பாலத்தின் சுமையைத் தாங்கும் உறுப்புகள், நடந்துபோகும் மனிதரின் தோளுக்கு அருகிலேயே நிற்கின்றன. ஃபைல் ஏந்திய எழுத்தரும், பூக்கூடை சுமந்து மல்லிக் காட் சந்தைக்குப் போகும் கூலியாளரும் அந்தக் கம்பங்களை உரசியபடிதான் ஆற்றைக் கடக்கிறார்கள். எச்சில் எங்கே விழுகிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வடிவமைப்பின் மேன்மையும் அதன் நோயும் ஒரே இடத்தில் பிறந்தவை.

அடித்தளத்தின் கதையும் இதே போன்றது. கோபுரங்களைத் தாங்கும் இரு பெரும் கிணற்று அஸ்திவாரங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 55 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்டவை. ஒவ்வொன்றிலும் 21 கிணறுகள். கொல்கத்தா பக்கத்தில் 31 மீட்டருக்கும் அதிக ஆழம். அங்கே அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி நீரைத் தள்ளிவைத்து ஆட்கள் உள்ளிறங்கித் தோண்டினர். ஹவுரா பக்கத்தில் 26 மீட்டருக்கு மேல்; அங்கே திறந்த முறையில் சேறு அள்ளப்பட்டது. தோண்டிய சேற்றிலிருந்து நங்கூரங்களும் பீரங்கிக் குண்டுகளும் பித்தளைப் பாத்திரங்களும் கிழக்கிந்தியக் கம்பெனி நாணயங்களும் வெளிவந்தன. ஓர் இரவில் அடிமண் திடீரென இளகி, ஏறத்தாழ 40,000 டன் எடையுள்ள அஸ்திவாரம் இரண்டடி சரிந்தது. கிதிர்பூரிலிருந்த நிலநடுக்கப் பதிவுக்கருவி அதை நிலநடுக்கமாகவே பதிவுசெய்தது. கரையிலிருந்த கோயில் ஒன்று இடிந்து, பின்னர் திரும்பக் கட்டித் தரப்பட்டது. நகரத்தின் நிலம் எத்தகையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த மென்மண்ணின் மேல்தான் டாக்குரியாவும் இருக்கிறது. எலிகள் குடைவதும் அதே போன்ற மண்ணைத்தான்.

எஃகின் வரலாறும் கவனத்துக்குரியது. மொத்தம் 26,500 டன் எஃகில் 23,000 டன் டாட்டா நிறுவனம் வழங்கிய உயர்வலிமை எஃகு. 'டிஸ்க்ரோம்' என்று பெயர் பெற்றது. ஒப்பந்தம் இங்கிலாந்தின் கிளீவ்லாண்ட் பிரிட்ஜ் நிறுவனத்துக்குச் சென்றது; ஆனால் எஃகை அறுத்து, துளையிட்டு, உருவாக்கியது கல்கத்தாவின் பிரெய்த்வெய்ட், பர்ன், ஜெசப் என்னும் மூன்று ஆலைகளின் கூட்டு நிறுவனம். போர் மூண்டு இங்கிலாந்திலிருந்து எஃகு வருவது தடைப்பட்ட நிலையில் உள்நாட்டு எஃகாலேயே பாலம் எழுந்தது. இரு கரைகளிலிருந்தும் ஊர்ந்து வந்த பாரந்தூக்கிகள் கட்டிய இரு பாதிகளை நடுவில் இணைக்க, தலா 800 டன் திறனுள்ள 16 நீரியல் ஜாக்கிகள் பயன்பட்டன. செலவு ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரூபாய்.

இங்கே ஒரு காலப்பொருத்தத்தைப் பாடநூல்கள் சொல்வதில்லை. பாலம் திறந்த 1943ஆம் ஆண்டே வங்கப் பஞ்சத்தின் ஆண்டு. பஞ்ச விசாரணை ஆணையத்தின் கணக்கில் பதினைந்து லட்சம் பேர் மாண்டனர்; அமர்த்தியா சென் போன்ற பின்னாளைய ஆய்வாளர்களின் மதிப்பீடு முப்பது லட்சத்தை எட்டுகிறது. கிராமங்களிலிருந்து பசித்தவர்கள் கல்கத்தாவின் தெருக்களுக்கு வந்துசேர்ந்த அதே மாதங்களில், அந்த மாபெரும் பாலம் போர்ச் சரக்குகளையும் படைகளையும் சுமந்துகொண்டிருந்தது. எஃகைத் திரட்டவும், கொண்டுவந்து சேர்க்கவும், இரவும் பகலும் உழைத்து இணைக்கவும் முடிந்த ஓர் அரசால் அரிசியைக் கொண்டுசேர்க்க முடியவில்லை என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? ஹவுரா பாலத்தைத் திறமையின் சின்னமாக மட்டும் காட்டும் வரலாறு இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடுகிறது. திறமை இருந்தது, அது எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை மக்களிடம் இல்லை.

விடுதலைக்குப் பின் அந்த உரிமையைப் பெயர்களில் தேடினோம். 1965 ஜூன் 14 அன்று ஹவுரா பாலம் 'ரவீந்திர சேது' ஆயிற்று. அதற்கு முன்பே, 1958இல், டாக்குரியா ஏரி 'ரவீந்திர சரோவர்' ஆகியிருந்தது. ஏரியின் தென்கரையையும் மசூதி அமைந்த சிறு தீவையும் இணைக்கும் தொங்குபாலம் 1926இல் கட்டப்பட்டது. புதிய ஹவுரா பாலச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு அது. நகரின் மிகப் பெரிய பாலத்தின் சட்டமும் மிகச் சிறிய பாலங்களுள் ஒன்றின் மரப்பலகைகளும் ஒரே ஆண்டினவாக இருப்பதும், பின்னர் இரண்டு இடங்களும் ஒரே கவிஞரின் பெயரைப் பெற்றதும் இனிய தற்செயல். ஆயினும் மக்கள் இன்றும் 'டாக்குரியா லேக்' என்றும் 'ஹவுரா பிரிட்ஜ்' என்றுமே சொல்கிறார்கள். பெயர்ப்பலகையை மாற்றுவதால் ஒரு பொதுச்சொத்து மக்களுடையதாகிவிடுவதில்லை. அதன் உடல்நிலையை அறியும் வழி கிடைக்கும்போதுதான் அது மக்களுடையதாகிறது.

அந்த உடல்நிலையின் வரலாறு துண்டுதுண்டாகவே தெரியவருகிறது. 1993இல் சுமையைக் குறைக்கும் பொருட்டுப் பாலத்திலிருந்து டிராம்கள் நீக்கப்பட்டன. திறப்பன்று முதலில் கடந்த ஊர்தி ஒரு டிராம் என்பதை எண்ணினால், பாலம் தன் முதல் பயணியையே இறக்கிவிட்டது எனலாம். 2005 ஜூனில் ஓதம் உயர்ந்திருந்த வேளையில் ஒரு சரக்குப் படகு பாலத்தின் அடியில் சிக்கித் தளத்தின் உத்திரங்களைச் சிதைத்தது. 1874இன் 'எஜீரியா' மீண்டும் வந்ததுபோல. 2011இல் எச்சில். 2020 ஜனவரியில் பிரதமர் தொடங்கிவைத்த ஒலி-ஒளி அலங்காரம். 2024 நவம்பரில் ஓர் இரவு போக்குவரத்தை நிறுத்திச் செய்யப்பட்ட கட்டமைப்புச் சோதனை. இவற்றுள் ஒளியலங்காரத்தின் படங்கள் எங்கும் பரவின. சோதனையைப் பற்றிப் பேசப்பட்டது பெரும்பாலும் போக்குவரத்து மாற்றத்தை ஒட்டியே.

எச்சில் விவகாரத்தில் துறைமுகக் கழகம் செய்தது எளிமையானது, ஆனால் கற்பிக்கத்தக்கது. ஏறத்தாழ இருபது லட்ச ரூபாய்ச் செலவில் கம்பங்களின் அடியைக் கண்ணாடியிழை உறைகளால் மூடத் திட்டமிட்டது. நடந்துபோகும் லட்சக்கணக்கானோரைத் திருத்திவிட்டுத்தான் பாலத்தைக் காப்போம் என்று காத்திருக்கவில்லை. அன்றைய விவாதங்களில் 'நாகரிகம் அற்ற மக்கள்' என்ற ஏளனமே மிகுந்திருந்தது. அந்த ஏளனத்தில் வர்க்கப் பார்வை ஒளிந்திருக்கிறது. கார்க் கண்ணாடிக்குள் இருப்பவரின் புகை பாலத்தின் வண்ணப்பூச்சுக்குச் செய்யும் தீங்கை எவரும் நாகரிகக் குறைவு என்பதில்லை. திட்டுவதால் இரும்பு காக்கப்படாது. மனிதர் எப்படி இருக்கிறார்களோ அப்படியே ஏற்று, அவர்களுக்கும் எஃகுக்கும் இடையே ஓர் உறையை வைப்பதே பொறியியல். எலிகளுக்கு அறிவுரை சொல்ல முடியாது என்பதை டாக்குரியாவில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்; ஹவுராவில் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம்.

பராமரிப்பை மறந்ததன் விலை என்ன என்பதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. 2018 செப்டம்பர் 4 அன்று தென்கொல்கத்தாவின் மாஜேர்ஹாட் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து மூவர் உயிரிழந்தனர். பழுதுபார்ப்பு என்ற பெயரில் அடுக்கடுக்காக இடப்பட்ட தார்ப்படலமே பாலத்தின் சுமையைக் கூட்டியது என்ற செய்தி அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 1928இல் கட்டப்பட்ட அதில் அப்போது போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்ததால் உயிர்கள் தப்பின. அதே மாதத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளும் அடித்துச் செல்லப்பட்டன. 2022 அக்டோபரில் குஜராத்தின் மோர்பி தொங்குபாலம் அறுந்து நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புதுப்பித்துத் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. காவிரிக்கரையானாலும் ஹூக்ளிக்கரையானாலும் நோய் ஒன்றே: புதியதைத் திறக்க விழா உண்டு, பழையதைச் சோதிக்க விழா இல்லை.

கட்டுமானத்தின்போதே நேர்ந்த பேரழிவும் உண்டு. 2016 மார்ச் 31 அன்று, ஹவுரா நோக்கி எழுந்துகொண்டிருந்த விவேகானந்தா சாலை மேம்பாலம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கட்டியவர் தரப்பிலிருந்து அது 'கடவுளின் செயல்' என்ற விளக்கம் வந்தது. வியப்பின் மொழியும் இந்த விளக்கத்தின் மொழியும் உறவினர்கள். நிற்கும் பாலத்தை அதிசயம் என்று பழகிய சமூகத்துக்கு, விழும் பாலத்தை விதி என்று சொல்வதும் எளிதாகிறது. இரண்டிலும் காரணம் கேட்கப்படுவதில்லை.

இந்த வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது: ஹவுரா பாலம் எண்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது, அதன் வலிமையில் ஐயம் எழுப்புவது வீண்பீதி. உண்மையே, அந்தப் பாலம் உறுதியானது என்று நம்ப நல்ல காரணங்கள் உள்ளன. அது உறுதியாக நிற்பதற்கு ஆண்டுதோறும் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, பறவை எச்சத்தைக் கழுவி, உறைகளை மாற்றும் ஊழியர்களே காரணம். அவர்களுடைய உழைப்பைப் பேசுவது பீதியாகாது; அதைப் பேசாமல் விடுவதே நன்றியின்மை. மேலும் 2024இல் ஆற்றின் அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பின், பாலத்தின் மீதான சுமையையும் பயனையும் புதிதாக மதிப்பிடும் தருணம் வாய்த்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு: சோதனை அறிக்கைகளைப் பொதுவில் வைத்தால் அரைகுறை வாசிப்பால் அச்சம் பரவும், பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. வரைபடங்களின் நுண்விவரங்களை மறைத்துவைக்கலாம். ஆனால் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, என்ன குறை காணப்பட்டது, எப்போது சரிசெய்யப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கான விடையை மறைப்பதால் எந்தப் பகைவனும் தடுக்கப்படுவதில்லை. கேள்வி கேட்கும் குடிமகன் மட்டுமே தடுக்கப்படுகிறான். வதந்தி பிறப்பது தகவல் மிகுந்த இடத்தில் அன்று, இல்லாத இடத்தில்.

பல்கலைக்கழகங்கள் இதில் செய்யக்கூடியவை பெரியவை அல்ல; ஆனால் பயனுள்ளவை. டாக்குரியா மேம்பாலத்தின் வழியே நாள்தோறும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் கட்டடப் பொறியியல் மாணவர்கள் ஏராளம். கேண்டிலீவரின் சமன்பாட்டை அவர்கள் பிழையின்றி எழுதுவார்கள். தாம் கடக்கும் பாலத்தின் அணுகுமண்ணை ஓராண்டு கவனித்துப் பதிவுசெய்வது பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தால் என்ன? வரலாற்றுத் துறை மாணவர்கள் குழு அறிக்கைகளோடு நின்றுவிடாமல், வண்ணம் பூசுவோர், ரிவெட் அடித்தோரின் குடும்பங்கள், பாலத்தடியில் வாழ்வோர் ஆகியோரின் வாய்மொழியைத் தொகுத்தால் என்ன? சென்னையில் அடையாற்றுப் பாலங்களுக்கும் கூவத்தின் நேப்பியர் பாலத்துக்கும், திருச்சியின் காவிரிப் பாலத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலம் சதுரங்கக் கட்டங்களாக வண்ணம் பூசப்பட்டதை நாடே கண்டது. அந்த வண்ணத்தின் அடியிலிருக்கும் பாலத்தைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள் எழுந்தன என்பது ஒவ்வொரு துறையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தமிழிலும் வங்காளத்திலும் பாலத்துக்குப் பழைய பெயர் ஒன்றே: சேது. இராமாயணத்தின் சேதுவைக் கட்டியவர்களின் பட்டியலில் அணிலுக்கும் இடம் தந்தது நம் மக்களின் கதை மரபு. மணலை உடம்பில் ஒட்டிச் சுமந்த அந்தச் சிற்றுயிருக்கு இடம் தந்த மரபுக்கு, மண்ணைக் குடையும் எலியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். பாலத்தைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் சிறியவையே: ஓர் ஆணித்தலை, ஒரு கைப்பிடி மண், ஒரு வாய் எச்சில், மூன்று மில்லிமீட்டர் தகடு. அவற்றை எண்ணிக் கணக்கு வைப்பவர்களின் பெயர்கள் அடிக்கல்லில் இராது. ஹவுரா பாலத்தின் அடுத்த வரலாறு எழுதப்படும்போது அவர்களிடமிருந்து தொடங்கட்டும்.